இந்த வாரம்: உங்களுக்குப் பிடித்த கதைநாயகி யார்?
வணக்கம் நண்பர்களே. கதைகளில் வரும் பெண்களில் உங்கள் மனதுக்கு நெருக்கமானவர் யார், ஏன் என்று ஞாயிறு இரவுக்குள் எழுதிப் போடுங்கள், குரல் பதிவானாலும் சரி.

நான் முந்திக்கொள்கிறேன்: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் வரும் படகுக்காரப் பெண் பூங்குழலி. எல்லாரும் குந்தவை, நந்தினி என்றே பேசுவோம், ஆனால் கோடிக்கரையிலிருந்து ராத்திரியில் வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு இலங்கைக்குத் துடுப்புப் போட்டவள் இவள்தான், அப்புறம் புயலில் கப்பல் எரிந்து அவனும் சோழ இளவரசன் அருள்மொழியும் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தபோது, அந்த அலையில் படகை ஓட்டிப் போய்க் காப்பாற்றியதும் இவள்தான். அந்தக் கை எப்படிக் காய்த்திருக்கும் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நினைப்பேன்.

ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலின் கங்காவைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் ரொம்ப சந்தோஷம். படத்தில் பார்த்ததைவிடப் புத்தகத்தில் படித்ததை எழுதுங்கள்.