தங்கச்சிக்கு, இருட்டும் அறையிலிருந்து

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம். வந்து ஏழு மாதமாகிறது. இப்போதெல்லாம் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. "சாயங்காலமெல்லாம் என்னதான் பண்றே?" என்று போனில் கேட்டாயே, கெர்னல் எழுதுகிறேன், அதாவது ஓஎஸ்ஸின் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின்) மையப் பகுதி. சாதாரண பிசிக்களில் இருக்கிற எக்ஸ்86 பிராசசருக்கு, 32 பிட்டில், குட்டியாக ஒன்று.

அடியில் ஓஎஸ் இல்லையென்றால் எதுவுமே இல்லை என்பது முதல் வாரம்தான் உறைத்தது. திரையில் எழுத பிரின்ட்எஃப் கிடையாது, மெமரி கேட்டு வாங்க மால்லாக் கிடையாது, சி நிரல் தொடங்குகிற மெயினைக் கூப்பிடக்கூட ஆளில்லை. நிரலை மெஷின் கோடாக மாற்ற லேப்டாப்பில் இருக்கிற கம்பைலரோ அடியில் லினக்ஸ் இருக்கும் என்ற நினைப்பிலேயே வேலை செய்யும். அதனால் வேறொரு சிஸ்டத்துக்கான கோடை உருவாக்கும் கிராஸ் கம்பைலர் ஒன்றைத் தனியாகக் கட்டினேன். ஒரு ஞாயிறு அதற்கே போனது. அப்புறம் லிங்கர் ஸ்கிரிப்ட், எது மெமரியில் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் ஃபைல். கெர்னலை மெமரியில் 1 எம்பி-யில் உட்கார வைத்தேன். கெர்னலை ஏற்றிவிடும் கிரப் என்ற பூட்லோடர் தேடுகிற மல்டிபூட் அடையாளம் கெர்னல் ஃபைலின் முதல் 8192 பைட்டுக்குள் வந்தாக வேண்டும். சி-யில் ஒரு வரி ஓடுவதற்குள் ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் மெமரியான ஸ்டாக்கையும் நாமே ஒதுக்க வேண்டும். 16 கேபி வைத்தேன், தாராளம்.

திரையில் எழுதுவது மட்டும் ஆச்சரியமான அளவுக்குச் சுலபம். விஜிஏ என்ற பழைய பிசி டிஸ்ப்ளேயின் டெக்ஸ்ட் திரை மெமரியில் பி8000 என்ற ஹெக்ஸ் (16 அடிமான எண்) முகவரியில் தொடங்குகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் 2 பைட்: ஒன்று எழுத்து, மற்றது நிறம். வரிக்கு 80 கட்டம், 25 வரி, மொத்தமே 4000 பைட்தான். உன் பெயரைத் தமிழில் போட ஆசைப்பட்டேன். அதில் இருக்கிற 256 உருவங்களில் தமிழுக்கு இடமில்லை. கடைசியில் ஆங்கிலத்தில் உன் பெயரின் முதல் எழுத்து மட்டும், கறுப்பில் பச்சையாக, இடது மூலையில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆர்வக்கோளாறில் இன்டரப்டை, அதாவது டைமர், கீபோர்டு போன்றவை பிராசசரைக் கூப்பிடும் வழியை, திறந்துவிட்டேன். எந்த இன்டரப்டுக்கு எந்தக் கோடு பதில் சொல்லும் என்று காட்டும் ஐடிடி அட்டவணையை இன்னும் எழுதவே இல்லை! டைமர் வந்து கதவைத் தட்டியது, பதில் சொல்ல ஆளில்லை. ஃபால்ட் (பிராசசர் சொல்லும் பிழை) மேல் ஃபால்ட், மூன்றாவதில் ரீசெட். கெர்னலை ஓட்டிப் பார்க்கும் க்யூஎமு எமுலேட்டரின் (லேப்டாப்புக்குள் ஓடும் போலிக் கம்ப்யூட்டர்) ஜன்னல் மினுக் மினுக்கென்று பூட் ஆகிக்கொண்டே இருந்தது. எழுத்து போடும் வரிதான் தப்பு என்று இரண்டு ராத்திரி அதையே குடைந்தேன். க்யூஎமுவில் ரீபூட் ஆகாமல் தடுக்க ஒரு ஆப்ஷன் உண்டு என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நீ ஆரம்பித்தால் அதை முதலிலேயே போட்டுவிடு.

அடுத்தது கீபோர்டு. அதற்கு முன்னால் அந்த அட்டவணை.

சரி, மணி இரண்டாகப் போகிறது. அம்மா கேட்டால் நேரத்துக்குத் தூங்குகிறேன் என்று சொல்லு.

அன்புடன்,
அண்ணன்