திங்கட்கிழமைக் கட்டம்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

தைராய்டுக்கும் முடக்குவாதத்துக்கும் நீ எடுக்கும் மாத்திரைகளின் பட்டியல் வந்து சேர்ந்தது. நாள், நேரம், அளவு என்று கட்டம் போட்டு அழகாக எழுதியிருக்கிறாய். இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது வந்தால் எந்த மருத்துவரும் சந்தோஷப்படுவார். அம்மா அதை எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டுத்தான் திரும்ப வாங்கினேன். படித்ததில் சில திருத்தங்கள் தோன்றின. கோபித்துக்கொள்ளாமல் படி.

காலை 6 மணிக்குத் தைராய்டு மாத்திரை தைராக்ஸின். 6.30-க்குக் காபி, கூடவே கால்சியம், இரும்புச்சத்து. இது சரியில்லை, கண்ணு. கால்சியமும் இரும்பும் குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. இரண்டுக்கும் தைராக்ஸினுக்கும் நடுவில் 4 மணி நேரம் வேண்டும். வயிற்று எரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டுக்கும் அதே 4 மணி நேரம். தைராக்ஸினை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடு. காபியோ சாப்பாடோ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. காலையில் தோதுப்படவில்லையா, இரவு படுக்கப் போகும்போது போடலாம். கடைசியாகச் சாப்பிட்டு 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். எந்த வேளையைப் பிடித்தாலும் அதை மாற்றாதே. கால்சியத்தை மதியச் சாப்பாட்டோடு வைத்துக்கொள். ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போட்டால் உடம்பு சரியாக ஏற்காது.

அடுத்தது, தைராக்ஸினை நீயாகவே 75 மைக்ரோகிராமிலிருந்து 100 ஆக்கியது. அசதியும் விரல் விறைப்பும் போகுமா என்று பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். யோசனை தப்பென்று சொல்ல மாட்டேன். தைராய்டு குறைந்தால் உடம்பு வலி, மூட்டு விறைப்பு, கை மரமரப்பு எல்லாமே வரும். தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புச் சக்திக் கோளாறும் முடக்குவாதமும் ஒரே ஆளுக்கு வருவதும் சகஜம். ஆனால் தைராக்ஸின் குறைந்த ஹார்மோனை நிரப்பும், அவ்வளவுதான். மூட்டுச் சவ்வில் நடக்கும் அழற்சியை அது தொடவே தொடாது. போதாக்குறைக்கு உன் 75-ஐக் கால்சியம் பாதி வழியிலேயே தின்றிருக்கலாம். நாளைக்கு நீ கால்சியத்தை மதியத்துக்கு மாற்றினால், அந்த 100 முழுசாக உள்ளே போய் அளவு மீறும். நெஞ்சு படபடக்கும், துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். முடக்குவாதம் தானாகவே எலும்பை மெலிய வைக்கும், ஸ்டீராய்டு இன்னும் மெலிய வைக்கும். அதோடு இதுவுமா? எத்தனை படித்தாய், ஒரு போன் போட்டுக் கேட்கக் கூடாதா?

டி.எஸ்.எச். என்பது தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன், தைராக்ஸின் மிஞ்சினால் குறையும். ரத்தச் சோதனையில் அது 0.2 என்று குறைவாக வந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். தலைமுடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் வைட்டமின் 10 மி.கி. எடுக்கிறாய். ஒரு நாளைக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் அளவுதான். அதைப் போல முந்நூறு மடங்குக்கு மேல் போகிறது. பல ஆய்வகங்களின் ஹார்மோன் சோதனை முறையே பயோட்டின் ஒட்டுவதை வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது அதிகமாக மிதந்தால் டி.எஸ்.எச். உண்மையைவிடக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோன்களான டி3, டி4 அதிகமாகவும் காட்டும். ஆக, அந்த 0.2 கூட்டிய அளவால் வந்ததா, பயோட்டினால் வந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பயோட்டினை நிறுத்து. சோதனைக்கு முன் குறைந்தது 2 நாள் என்பார்கள். நீ எடுக்கும் அளவுக்கு ஒரு வாரம் விடுவது நல்லது. மருத்துவர் எழுதிக்கொடுத்த 75-க்கே திரும்பு, கால்சியத்தைத் தள்ளி வை, அப்படியே 6 முதல் 8 வாரம் ஓடட்டும். அதற்குப் பிறகு எடுக்கும் டி.எஸ்.எச். தான் கணக்கு. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகவே ஒரு வாரம் ஆகும், அவசரப்பட்டுப் பார்த்து லாபமில்லை. இதையெல்லாம் செய்ததை மருத்துவரிடமும் சொல்லிவிடு.

மீன் எண்ணெய் எடுப்பது நல்ல முடிவு. ஆனால் புட்டியின் முன்பக்கத்தை நம்பாதே, பின்பக்கத்தைப் படி. 1000 மி.கி. என்பது எண்ணெயின் எடை. சாதாரண மாத்திரையில் ஒமேகா-3 கொழுப்புகளான ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120, ஆக மொத்தம் 300 மி.கி. தான் வேலைக்கு ஆகும். மூட்டு வலிக்குப் பயன் தெரிந்த ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 3 கிராம் அளவில் கொடுத்தார்கள். உன் இரண்டு மாத்திரையில் 600 மி.கி. தான் வருகிறது. அடர்த்தி கூடிய வகை இருக்கிறது. ஆனால் அந்த அளவுக்குப் போகுமுன் மருத்துவரைக் கேள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும் நினைத்தபடி கூட்டக் கூடாது. படபடப்பு இருந்தால் நீயும்தான். சாப்பாட்டோடு எடுத்தால் ஏப்பத்தில் நாற்றம் வராது. பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும். காட் லிவர் எண்ணெயைக் கொண்டு இந்த அளவை எட்டப் பார்க்காதே, வைட்டமின் ஏ ஏறிவிடும்.

அஸ்வகந்தாவை எடுத்துவிடு. அது தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடியது. கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரையிலும் அதே கல்லீரல் பயம் உண்டு. சமையலில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை, மாத்திரையாக வருவதைத்தான். குளுக்கோசமைன் தேய்மான வாதத்துக்கு விற்பது, உன் நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சாப்பாட்டில் பால், கோதுமை, தக்காளி, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டிருக்கிறாய். இப்போது உடம்பு தேவலையென்றால் எதனால் என்று எப்படித் தெரியும்? ஒன்றை மட்டும் விடு. மூன்று வாரம் தினமும் காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று குறி. பிறகு அதையே மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டுப் பார். மாற்றமில்லையா, அது குற்றவாளி இல்லை, தைரியமாகச் சேர்த்துக்கொள். நீ சொன்ன அந்த நார்வே ஆய்வு 1991-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. சில நாள் உண்ணாநோன்பும் அதன் பிறகு சைவ உணவுமாக ஓராண்டு நடந்தது, பலருக்கு மூட்டு வலி குறைந்தது, உண்மை. ஆனால் மெலிந்துகொண்டே போகிற உடம்புக்கு உண்ணாநோன்பு வேண்டாம். இந்த நோய் தசையைக் கரைக்கும். புரதத்தைக் குறைக்காதே. போன போட்டோவில் உன் மணிக்கட்டைப் பார்த்தேன்.

இனிச் சொல்ல வேண்டியது. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், மெத்தோட்ரெக்சேட்டின் பக்க விளைவைத் தணிக்கப் போடும் ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. இருக்கிறது. திங்கட்கிழமைக் கட்டம் காலி, முடக்குவாதத்தை அடக்கும் அந்த மெத்தோட்ரெக்சேட்டைக் காணோம். எழுத விட்டுப்போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் என்பதால் தனி டப்பியில் வைப்பாய், அப்படி வைப்பதுதான் சரி. தினமும் போடும் மாத்திரையோடு கலந்து தவறுதலாகத் தினம் போட்டவர்கள் உயிரையே இழந்திருக்கிறார்கள். ஆனால் ஆறரை மணி காபியைக்கூட எழுதிய உனக்கு இது விட்டுப்போகுமா?

குமட்டலா? அதற்கு வழி இருக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுப் படுத்துவிடலாம். மருத்துவர் சம்மதித்தால் அன்றைக்கே இரண்டாகப் பிரித்துப் போடலாம், ஃபோலிக் ஆசிட்டைக் கூட்டலாம், ஊசியாக மாற்றலாம். கல்லீரல் எண்கள் ஏறினவா? அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள், வேறு மருந்து இருக்கிறது. அந்த எண் மஞ்சள் மாத்திரையால் ஏறியிருக்கவும் கூடும். வேறு காரணமா? அம்மா கேட்கச் சொன்னாள், நான் கேட்க மாட்டேன். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் ஏதும் இருந்தால் மெத்தோட்ரெக்சேட்டை முன்கூட்டியே நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவரோடு பேசி. முடக்குவாதத்துக்கான வேறு மருந்துகள் ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் இரண்டையும் அந்தச் சமயத்தில் தொடர்கிறார்கள். வெறும் மீன் எண்ணெயோடு யாரும் விடுவதில்லை.

நிறுத்திய முதல் சில வாரம் சுகமாகவே இருக்கும், அதில் ஏமாந்துவிடாதே. மருந்தின் வேலை மெதுவாகத்தான் இறங்கும். வலி மாத்திரையும் மீன் எண்ணெயும் வலியைக் குறைக்கும். அந்த நேரத்திலும் சவ்வு எலும்பை அரித்துக்கொண்டிருக்கலாம். அரித்த எலும்பு திரும்ப வளராது. அரிப்பு வேகமாக நடப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்தில்தான், நீ அதற்குள்ளே இருக்கிறாய். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு சரியாக இருந்தும் ஸ்கேனில் அழற்சி தெரிகிறவர்கள் உண்டு. சின்ன வயதில் நீ வீணை வாசிக்கும்போது அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் இத்தனை நச்சரிப்பு.

விட்டிருந்தால், விட்ட வாரங்களுக்குச் சேர்த்துப் போடாதே. நீயாக ஆரம்பிக்கவும் வேண்டாம். ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்த்துவிட்டு, மருத்துவர் சொல்லும் அளவில் தொடங்கு. தொடங்கிய முதல் மூன்று மாதம் 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை. காய்ச்சல், வாய்ப்புண், வறட்டு இருமலோடு மூச்சுத் திணறல், இதில் எது வந்தாலும் அன்றைக்கே போ. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதே, அது தனிப் பேச்சு. கால்சியம் மதியம்தான், சொன்னேன் அல்லவா.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: மெத்தோட்ரெக்சேட் எடுக்கும் காலத்தில் சிறுநீர்த் தொற்று என்று போனால், முதலிலேயே அதைச் சொல்லிவிடு. டிரைமெத்தோபிரிம் உள்ள ஆன்டிபயாடிக் எதையும் வாங்காதே. இரண்டும் சேர்ந்தால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி நின்றுபோகலாம்.