ஜனாதிபதி செல்வாக்கிழந்தால் தேர்தலைத் தள்ளிப்போடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாகாண சபைத் தேர்தல் எப்போது நடக்கும் என்ற பேச்சு மீண்டும் எழுந்திருக்கும் இவ்வேளையில், ஒரு ஜனாதிபதி மக்களின் வெறுப்புக்கு ஆளாகிவிட்டால் அவரைச் சார்ந்தவர்கள் தேர்தலை என்ன செய்கிறார்கள் என்பதைப் பற்றி உங்கள் பத்திரிகை வாயிலாகச் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். நான் திருகோணமலை மாவட்டத்தின் தம்பலகாமத்தில் நாற்பது வருடங்களாக வயல் செய்துவருபவன். எந்தக் கட்சியிலும் அங்கத்தவன் அல்லன்.

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ஷ 69 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று, 52.25 வீதத்துடன் ஜனாதிபதியானார். எங்கள் திருகோணமலை மாவட்டம் அன்று அவருக்கு வாக்களிக்கவில்லை. இங்கே நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவையே தெரிவு செய்தனர். ஆயினும் அடுத்த ஆண்டு ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் அவரது கட்சியான பொதுஜன பெரமுன 145 ஆசனங்களைக் கைப்பற்றியபோது, எங்கள் மாவட்டத்தின் நான்கு ஆசனங்களில் ஒன்றும் அதற்குப் போனது. ஆளும் கட்சியில் ஒருவர் இருந்தால்தான் ஊருக்கு ஏதாவது நடக்கும் என்று எண்ணி வாக்களித்தவர்கள் எங்கள் அயலிலும் இருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அரசாங்கத்தின் கையை எதிர்பார்த்து வாழ்பவர்கள் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

அந்தக் கணக்கு 2021 மே மாதத்தில், இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பிழைத்தது. வருட இறுதிக்குள் தடை தளர்த்தப்பட்டபோதிலும் அந்தப் பெரும்போகத்துக்கு உரம் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. பயிர் குடலைப் பருவத்துக்கு வரும்போது மஞ்சளித்து நின்றதை வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. ஏக்கருக்கு நாற்பது மூடைக்குக் குறையாமல் கண்ட வயலில் பதினேழு மூடைதான் கிடைத்தது. விதைநெல்லையும் வீட்டுச் சாப்பாட்டு நெல்லையும் எடுத்து வைத்த பிறகு, உழவு இயந்திரக் கூலிக்கும் அறுவடை இயந்திரக் கூலிக்கும் என் மனைவியின் காப்பை அடகு வைத்தோம். ஒரு ஜனாதிபதி செல்வாக்கிழப்பது கொழும்பில் கூட்டம் கூடும் நாளில் அன்று. இப்படி ஒவ்வொரு வீட்டிலும் நெல் அளக்கும் நாளில்தான் அது நடக்கிறது. ஊரில் அந்தப் பேச்சு, அவரைப் பதவி விலகச் சொல்லி 2022இல் கொழும்பில் நடந்த காலிமுகத்திடல் போராட்டத்துக்கு மாதக்கணக்கில் முன்னரே தொடங்கிவிட்டது.

2022 மே 9ஆம் திகதி பிரதமர் பதவியிலிருந்து விலகிய கோட்டாபயவின் அண்ணன் மஹிந்த ராஜபக்ஷ மறுநாள் பாதுகாப்புத் தேடி வந்து சேர்ந்த இடம் எங்கள் திருகோணமலைக் கடற்படைத் தளமாகவே இருந்தது. ஊரடங்குச் சட்டத்தையும் பொருட்படுத்தாமல் மக்கள் அதன் வாயிலில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தனர். 13ஆம் திகதி கோட்டாபய நாட்டை விட்டு வெளியேறி, 14ஆம் திகதி சிங்கப்பூரிலிருந்து பதவி விலகினார். ஆனால் அவரது கட்சி வென்ற 145 ஆசனங்களில் பெரும்பாலானவை பாராளுமன்றத்தில் அதனிடமே இருந்தன. அந்த ஆசனங்களின் பலத்தில்தான் ஜூலை 20இல் ரணில் விக்கிரமசிங்க 134 வாக்குகளால் ஜனாதிபதியாகத் தெரிவானார்.

என் மனத்தை உறுத்துவது இதற்குப் பிறகு நடந்தது. 2023 மார்ச் 9ஆம் திகதி உள்ளூராட்சி மன்றத் தேர்தல் என்று நாள் குறிக்கப்பட்டு, வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டு, கட்டுப்பணமும் கட்டியாகிவிட்டது. ஜனாதிபதிக்கும் அவரைத் தாங்கி நின்ற கட்சிக்கும் அத்தேர்தலில் என்ன காத்திருக்கிறது என்பது அறிந்தவர் அறியாதவர் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. திறைசேரியில் பணமில்லை என்றார்கள். வாக்குச்சீட்டு அச்சடிப்பு நின்றது, மார்ச் ஏப்ரலானது, ஏப்ரலும் போனது. தேர்தலுக்கான நிதியைத் தடுத்துவைக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் இடைக்காலக் கட்டளை பிறப்பித்த பின்னரும் தேர்தல் நடக்கவில்லை. 2024 ஓகஸ்டில் அதே நீதிமன்றம், நிதியமைச்சராகவும் இருந்த ஜனாதிபதி உள்ளிட்டோர் மக்களின் அடிப்படை உரிமையை மீறினர் என்று தீர்ப்பளித்தது.

இத்தனையும் செய்து யாருக்கு என்ன மிஞ்சியது? ஒரு மாதம் கழித்து நடந்த ஜனாதிபதித் தேர்தலில் ரணில் 17.27 வீதத்துடன் மூன்றாம் இடத்துக்குப் போனார். பொதுஜன பெரமுனவின் நாமல் ராஜபக்ஷவுக்குக் கிடைத்தது 2.57 வீதம். நவம்பர் பொதுத் தேர்தலில் 145 ஆசனக் கட்சி மூன்று ஆசனங்களுக்கு இறங்கியது. 2023இலேயே வாக்களிக்க விட்டிருந்தால் மக்கள் தம் கோபத்தைப் பிரதேச சபைகளில் இறக்கி வைத்திருப்பார்கள் என்றும், அந்தக் கட்சி இத்தனை கீழே போயிருக்காது என்றும் நான் உறுதியாக நம்புகிறேன்.

மாகாண சபைக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பர் 30இல் முடிந்தது. அதே மாதம் விகிதாசாரத் தேர்தல் முறையை மாற்றும் திருத்தச் சட்டம் அவசரமாக நிறைவேற்றப்பட்டது. 2018 பெப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அணி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டதைக் கண்ட பின்னர், மாகாணத் தேர்தலில் அந்த அரசாங்கத்துக்கு இருந்த அக்கறை எல்லாம் வடிந்துபோனது. அதே ஆண்டு ஓகஸ்டில், புதிய முறைக்கான தொகுதிகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதைச் சமர்ப்பித்த அமைச்சர் உட்பட ஒருவரும் ஆதரவாக வாக்களிக்கவில்லை. பழைய முறை போய், புதிய முறையும் நடைமுறைக்கு வராமல், அன்றிலிருந்து சட்டம் அந்தரத்தில் நிற்கிறது.

இதன் பலனை நாங்கள் அனுபவிக்கிறோம். எங்கள் பக்கத்துச் சிறுகுளத்தின் துருசுக் கதவு மூன்று மாரிக்கு முன் உடைந்தது. முன்பு என்றால் மாகாண சபை உறுப்பினர் ஒருவரின் வீட்டுத் திண்ணையில் போய் இருந்து கேட்போம். அவர் செய்தாலும் செய்யாவிட்டாலும், அடுத்த தேர்தலில் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியவராக இருந்தார். இப்போது எங்கள் மனு ஓர் அலுவலகத்தின் கோவையில் கிடக்கிறது. மேசையிலிருந்த உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார், ஆனால் முடிவெடுக்க வேண்டியவர் யார் என்று கேட்டதற்கு அவரிடம் விடை இல்லை. கதவு இருந்த இடத்தில் மணல் மூடைகளை அடுக்கித்தான் தண்ணீரை மறித்திருக்கிறோம்.

இன்றைய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க வெறுக்கப்பட்டவர் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் மாவட்டத்திலேயே அவரது தேசிய மக்கள் சக்தி 2024 பொதுத் தேர்தலில் நான்கில் இரண்டு ஆசனங்களைப் பெற்றது. ஆனால் அப்பொதுத் தேர்தலில் நாடளாவிய ரீதியில் 61.56 வீதம் பெற்ற அந்தக் கட்சி, ஆறு மாதம் கழித்து 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் 43.26 வீதத்துக்கு இறங்கியது. இதைப் பார்த்து, முன்னவர்களைப் போல இவர்களும் மாகாணத் தேர்தலைக் கண்டு தயங்கிவிடுவார்களோ என்பதே என் அச்சம். மாகாணத் தேர்தலை ஓராண்டுக்குள் நடத்துவோம் என்று தேர்தல் காலத்தில் கூறியவர்கள் அவர்களே. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் 159 ஆசனங்களை வைத்திருப்பவர்களும் அவர்களே. பழைய விகிதாசார முறையிலேயே இந்த ஒரு தடவை தேர்தலை நடத்தலாம் என்று ஒரு திருத்தத்தைக் கொண்டுவர அவர்களுக்கு எவரது தயவும் வேண்டியதில்லை.

ஆகவே திருகோணமலை மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களும், குறிப்பாக ஆளும் தரப்பைச் சேர்ந்த இருவரும், அந்தத் திருத்தம் எந்த மாதத்தில் சபைக்கு வரும், கிழக்கு மாகாண மக்கள் எந்த நாளில் வாக்களிப்பார்கள் என்பதை உங்கள் பத்திரிகை வாயிலாகவே எங்களுக்கு அறியத்தர வேண்டும் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தம்பலகாமத்து விவசாயி ஒருவர்,
திருகோணமலை.