சியாட்டிலில் இருக்கும் தம்பிக்கு

தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

பொங்கலன்று போனில் ஒன்று சொன்னாயே, அது மனதை விட்டுப் போகவில்லை. கிரஞ்ச் என்கிற அந்த முரட்டு ராக் இசை சியாட்டிலைத் தாண்டாமலே இருந்திருந்தால் நிர்வாணா குழுவின் பாடகன் கர்ட் கோபேன் இன்னும் உயிரோடு இருந்திருப்பான் என்றாய். நான் "சரி, சரி" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் ஆறு வாரமாக உன் குரலையே கேட்கவில்லை. உன்னைப் பற்றி பேங்க்கில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! அவ்வளவு படித்தவனுக்கு வீட்டுக்கு ஒரு போன் போட முடியவில்லையா?

நீ சொன்னதைத் தேடித் தேடிப் படித்தேன். 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் வந்தபோது அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் போனது சுமார் 46,000 பிரதிகள்தான். 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை பில்போர்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. அப்படி நடக்காமல் போயிருந்தால், முடியைப் பரத்திக்கொண்டு பளபளவென்று ஆடிய ஹேர் மெட்டல் ராக் குழுக்கள் எம்டிவியில் இன்னும் சில வருஷம் ஓடியிருக்கும். கட்டம் போட்ட ஃபிளானல் சட்டை உங்கள் பக்கத்து மரம்வெட்டிகளோடு நின்றிருக்கும்; உடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் 1992-ல் அந்த பாணியை நியூயார்க் ஃபேஷன் மேடையில் ஏற்றியிருக்க மாட்டார். ஆனால் சவுண்ட்கார்டன், ஆலிஸ் இன் செயின்ஸ் என்ற மற்ற சியாட்டில் குழுக்கள் அதற்கு முன்பே பெரிய ரெக்கார்டு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். கதவு எப்படியும் கொஞ்சம் திறந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பையன் உயிர் விஷயத்தில் மட்டும் நீ சொன்னதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. புகழ் வருவதற்கு முன்பே அவனுக்கு வயிற்று வலி இருந்தது. ஒன்பது வயதில் பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அவன் பாட்டை யாருமே கேட்காமல் போயிருந்தால் அந்த வலி குறைந்திருக்குமா? 1994 ஏப்ரலில், நீ இருக்கிற ஊரிலேயே போய்விட்டான். 27 வயது. வருகிற ஆவணியில் உனக்கும் 27. நேரத்துக்குத் தூங்குகிறாயா? அங்கே மழை விடாது என்கிறார்களே. நன்றாகச் சாப்பிடு.

நிர்வாணாவின் முதல் ஆல்பம் 'ப்ளீச்' 606 டாலர் செலவில் பதிவானதாம். பணம் கொடுத்த கிட்டார்காரர் ஜேசன் எவர்மன் அதில் ஒரு பாட்டுக்கும் வாசிக்கவில்லை. இருந்தும் உறையில் அவர் பெயரைப் போட்டார்கள். படித்ததும் நீ ஹாஸ்டலிலிருந்து பதிவு செய்து அனுப்பிய நாலு பாட்டு ஞாபகம் வந்தது. அதில் 'நன்றி: அப்பா' என்று போட்டிருந்தாய். "நல்லா இருக்குடா" என்று பதில் அனுப்பினேன். நான் கேட்கவில்லை, தம்பி. ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. ஆடிட் நேரம், அப்புறம் கேட்கலாம் என்று விட்டேன். பிறகு அதைத் திறக்கவே கூச்சமாகிவிட்டது. எட்டு வருஷம்.

நேற்று ராத்திரி கேட்டேன். மூன்றாவது பாட்டின் நடுவில் நீ இருமுகிறாய், அதை வெட்டாமல் விட்டிருக்கிறாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். புரியாத வரிகளை எல்லாம் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை ஏழு, இங்கே ராத்திரி எட்டரை. நான் கூப்பிடுவேன், நீ எடுக்கும்வரை கூப்பிடுவேன். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எடு.

அப்பா