வழியை விட்டுக்கொடுத்தவருக்கு நன்றி

யானைகள் காடு விட்டுக் காடு போகும் வழித்தடத்துக்காக, நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொண்ட பரிவர்த்தனைப் பத்திரம் பதிவாகிவிட்டது. நமக்கு வந்த நிலத்தை வனத்துறைக்குத் தானமாக எழுதிக் கொடுத்தும் ஆயிற்று. இனி இரண்டு காடுகளுக்கும் நடுவே பட்டா நிலம் இல்லை. கடைசி வாரங்களில் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். அதை மறுபடி எழுதப் போவதில்லை.

முதல் வணக்கம் நிலம் கொடுத்த குடும்பத்துக்கு. விடுதி கட்ட வந்தவர்கள் காட்டிய தொகை நம்மால் புரட்டவே முடியாதது. அதை விட்டுவிட்டு, யானை வராத பக்கம் மாற்று நிலம் போதும் என்றார்கள். கேரளத்தில் திருநெல்லி–குத்ரக்கோட் வழித்தடத்தில் குடும்பங்கள் விரும்பி இடம் மாறியதைக் கேட்டு வந்த தைரியம்தான் நமக்கு. பணம் போட்டவர்கள், கூட்டுப் பட்டாவில் கையெழுத்துப் போட வெளியூரிலிருந்து வந்த பங்காளிகள், உண்ணிச்செடிக்குள் புகுந்து எல்லைக்கல்லைத் தேடிய சர்வேயர், எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாகப் பக்கத்து நிலத்துக்காரருக்குத்தான். பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார்.

பத்திர எழுத்தர் வரைவை வாசித்துக்கொண்டே வந்தார். ‘மாமூல் வண்டிப்பாதை, நடைபாதை பாத்தியங்கள் சகிதம்’ என்ற வரி வந்தது. வழக்கமாகப் போய்வரும் பாதை உரிமைகளும் நிலத்தோடு சேரும் என்று எல்லாப் பத்திரத்திலும் இருக்கிற வரி. சாட்சி போட வந்து ஓரமாக நின்ற பக்கத்து நிலத்துக்காரர், “அந்தப் பாதை என்னுது. அது இருந்தா ராத்திரியில டிராக்டர் போகும், லைட் அடிக்கும். அப்புறம் யானைக்கு எதுக்கு இந்த இடம்?” என்றார்.

நிலம் கைமாறினாலும் அடுத்தவரின் வழிநடை உரிமை அதோடு ஒட்டிக்கொண்டே வரும். 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்திலும் 4ஆம் பிரிவு அறிவிப்புக்குப் பின் இப்படிப்பட்ட உரிமைகளை விசாரித்துத் தீர்த்த பிறகுதான், 16ஆம் பிரிவில் காப்புக்காடு என்று அறிவிக்க முடியும். அவர் ஒரு விலை சொல்லியிருக்கலாம். நாமும் எப்படியாவது கொடுத்திருப்போம். ஒன்றும் கேட்காமல் தன் பாத்தியத்தை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். முத்திரைத்தாள் செலவைக்கூட வாங்கவில்லை, ஒரு டீயோடு சரி. அவருடைய வாழையை மிதித்துப் போட்ட அதே யானைகளுக்காக, இனி வாழைத்தாரை ஏற்றிக்கொண்டு ஓடையைச் சுற்றித்தான் ரோட்டுக்கு வருவார்.

நாட்டில் 150 யானை வழித்தடங்கள் என்று 2023இல் ஒன்றிய அரசு பட்டியல் போட்டது. ஏக்கரையும் இழப்பீட்டையும் பற்றித்தான் எங்கும் பேச்சு. இப்படி ஒரு பாதை எத்தனை இடத்தில் குறுக்கே கிடக்கிறதோ!

ஓடைப் பாதையை ஒவ்வொரு மழைக்கும் முன்னால் செதுக்கிக் கொடுப்பது இனி நம் பொறுப்பு. எங்கே கல் போட்டு மேடாக்க வேண்டும் என்று அவரே காட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரக்கூடியவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள்.