பிலிகிரிரங்கன் மலைச் சோளகர் பழங்குடியினருக்கு நன்றி

அன்புள்ள அஜ்ஜாக்களே, அஜ்ஜிகளே, அக்கா அண்ணன்மாரே, வணக்கம்.

கர்நாடகத்தில் உள்ள உங்கள் மலையின் நெல்லி மரங்களைப் பற்றிய என் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதன் நன்றியுரையில் உங்கள் போடுகளின் (குடியிருப்புகளின்) பெயர்களை எழுதவே இடம் போதவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் இருக்கும் உங்கள் சொந்தபந்தங்களும் படிக்கட்டும்.

முதல் நன்றி, தரகு பெங்கியை, அதாவது சருகுக்கு வைக்கும் சின்னத் தீயை, எனக்குப் புரியவைத்த அஜ்ஜாவுக்கு. நெல்லி மரத்தடியில் உட்கார்ந்து, சருகை விரலால் விலக்கி, அடியில் முளைத்திருந்த உண்ணிச்செடி (லாண்டானா என்ற அயல்நாட்டுப் புதர்) கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் காட்டினீர்கள். தை மாதம், புல்லில் ஈரம் இருக்கும்போதே சருகுக்குத் தீ வைத்தால் அது முழங்காலுக்கு மேல் எழாது; இந்தக் கன்றுகள் கருகிவிடும், பெரிய மரத்துக்கு ஒன்றும் ஆகாது, மழைக்குப் புல் வரும், புல்லுக்கு மானும் காட்டெருமையும் வரும் என்றீர்கள். அப்புறம் நிமிர்ந்து கிளையைக் காட்டினீர்கள். நீங்கள் உப்பிலு என்று சொல்லும் புல்லுருவி அங்கே கொத்துக் கொத்தாகப் படர்ந்திருந்தது. தீயின் சூடு இல்லாமல் போனதால் இதுவும் பெருத்துவிட்டது என்றீர்கள். என் ஆய்வின் கேள்விகள் அத்தனையும் அந்த மரத்தடியில் பிறந்தவை.

1974இல் மலை சரணாலயமான பிறகு நீங்கள் சருகுக்குத் தீ வைப்பது நின்றது. உண்ணி பரவியது. 1997க்கும் 2008க்கும் இடையில் மட்டும் அது காணப்பட்ட இடங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காயின என்று இந்த மலையில் நடந்த கணக்கெடுப்பே சொல்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்த உண்ணிப் புதரில் பங்குனி, சித்திரையில் தீப்பிடித்தால் அது மரத்தின் உச்சிவரை ஏறும். சின்னத் தீயைத் தடுத்துத் தடுத்துப் பெரிய தீக்கு விறகு சேர்த்துவிட்டோம் என்றுதான் எனக்குப் படுகிறது. உங்கள் பெரியவர்கள் இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறார்கள். அப்போதே கேட்டிருக்கலாம்.

நெல்லி பறிக்கக் கூட்டிப்போன அக்காமாருக்கு நன்றி. காய் பறிக்க ஏறும்போதே புல்லுருவி பிடித்த கிளையைக் கத்தியால் கழித்துவிடுவதையும், மானுக்கென்று கொஞ்சம் காயை விட்டுவிட்டு இறங்குவதையும் பார்த்தேன். காட்டுப் பொருளை விற்கக் கூடாது என்ற தடை வந்த காலத்தில் மரம் ஏறுவது குறைந்தது, கிளை கழிப்பதும் குறைந்தது என்று நீங்கள் சொன்னது என் ஆய்வேட்டில் தனி அத்தியாயமே ஆகியிருக்கிறது. மதியம் நீங்கள் பகிர்ந்து கொடுத்த ராகிக் களிக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி!

யானை நிற்பதை வாசனையிலேயே கண்டுபிடித்து எங்களைச் சுற்று வழியில் அழைத்துப்போன வேட்டைத் தடுப்புக் காவலர் அண்ணன்மாரே, நீங்கள் இல்லாமல் நான் பத்திரமாகத் திரும்பியிருக்க முடியாது. மரங்களை அளக்க உதவிய தம்பி தங்கைகளுக்கும் என் அன்பு.

கிராம சபைகளுக்குச் சொல்ல வேண்டிய நன்றி வேறு வகையானது. 2011 ஜனவரியில் மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில் 25 கிராம சபைகளுக்கு, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி, சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. அதற்கு முன்பே உங்கள் பெரியவர்கள் இளைஞர்களோடு காடு முழுக்க நடந்து, ஒவ்வொரு குலத்தின் எல்லையிலும் உள்ள தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என நீங்கள் வணங்கும் நானூறுக்கும் மேற்பட்ட புனித இடங்களை ஜிபிஎஸ் கருவியில் குறித்து வரைபடமாக்கியிருந்தார்கள். இந்தக் காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்ததற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்தச் சட்டம் காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் உங்களுக்குத் தருகிறது. ஆகவே எங்கே, எப்போது தீ வைப்பது, உண்ணியை எந்தச் சரிவில் முதலில் வெட்டுவது என்பதையெல்லாம் வனத்துறையும் கிராம சபையும் சமமாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். உங்களை வழிகாட்டிகளாக மட்டும் கூட்டிப்போனது போதும். என் ஆய்வேட்டின் முடிவுரையிலும் இதையே எழுதியிருக்கிறேன்.

நான் எடுத்த அளவுகள், மரப் பட்டியல், படங்கள் எல்லாவற்றையும் கன்னடத்தில் அச்சிட்டு, அடுத்த நெல்லிப் பருவத்துக்கு முன் கிராம சபையில் நேரில் ஒப்படைக்கிறேன். வெளியே தெரிய வேண்டாம் என்று நீங்கள் சொன்ன இடங்கள் எதுவும் அதில் இருக்காது. திருத்தம் இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், மாற்றிவிட்டுத்தான் நூலகத்துக்குக் கொடுப்பேன்.

மிக்க நன்றியுடன்,
நெல்லி மரம் அளக்க வந்த தமிழ்நாட்டுப் பெண்