நில அதிர்வுப் பிரிவின் ஆண்டறிக்கை, லெனேசியா

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சங்கக் கட்டடத்தின் தரைத்தளத்தில் உள்ள நில அதிர்வுக் கருவி இவ்வாண்டும் இயங்கியது. சுரங்க நடுக்கங்களைக் குறித்து வைப்பதோடு நம் வேலை முடிவதில்லை. நிலத்தடி அணுச்சோதனையை இயற்கை அதிர்விலிருந்து பிரித்தறியும் முறையை இளைஞர்கள் பதிவுகளை வைத்தே பழக வேண்டும் என்பதே நோக்கம். கலஹாரியின் வாஸ்ட்ராப்பில் தோண்டிய அணுச்சோதனைக் குழிகள் 1977இல் அம்பலமானது இந்தத் தென்னாப்பிரிக்காவில்தான். அணுச்சோதனைத் தடை உடன்படிக்கையை 1999இல் உறுதிசெய்ததும், போஷோஃபில் அதன் கண்காணிப்பு நிலையத்தை நடத்துவதும் இதே நாடுதான்.

பதிவைப் படிக்கும் முறை இது. முதலில் வந்துசேரும் பீ அலைக்கும் அடுத்து வரும் எஸ் அலைக்கும் உள்ள நொடி வித்தியாசத்தை 8ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் ஏறக்குறைய கிடைக்கும். வெடிப்பு என்றால் முதல் அசைவு எல்லா நிலையங்களிலும் மேல்நோக்கி இருக்கும்; சுரங்கச் சரிவு என்றால் கீழ்நோக்கி. நிலநடுக்கத்தில் திசைக்குத் திசை மாறும். ஆகவே ஒரே நிலையத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பதிவின் இரைச்சலை நீக்கும் வடிகட்டியை முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டினால் அலை வருவதற்கு முன்பே பொய் நெளிவு தோன்றி முதல் அசைவு கெட்டுவிடும். ஒருமுறை, முன்னோக்கி மட்டுமே ஓட்டுங்கள். நம் உணரியின் இயல் அதிர்வெண் 4.5 ஹெர்ட்ஸ் என்பதால் 20 நொடிக்கு ஒருமுறை மெதுவாக அசையும் மேற்பரப்பு அலை அதில் தேறாது. மேற்பரப்பு அலையைப் பீ அலையோடு ஒப்பிடும் முறையை விட்டுவிட்டு, 6 முதல் 8 ஹெர்ட்ஸில் பீ, எஸ் விகிதத்தைப் பாருங்கள். வெடிப்பில் பீ ஓங்கி நிற்கும்.

தண்ணீர் மோட்டார் ஓடும்போது 48 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு கோடு விழுகிறது. அதைவிடப் பெரிய தொல்லை மின்வெட்டு. மின்சாரம் வந்தும் இணையம் வராவிட்டால், அதன் வழியே நேரம் பெறும் கருவியின் கடிகாரம் பிழை நேரத்தையே பதிகிறது. அந்த நேரத்துப் பதிவுகளைத் தூரக் கணக்கில் மற்ற நிலையங்களோடு சேர்க்கக் கூடாது.

வகுப்புகளில் அமெரிக்காவின் நெவாடா சோதனைகளை விரிவாக எடுத்துக்கொண்டோம். 2011 முதல் 2016 வரை கருங்கல்லில் ஆறு வேதி வெடிகள் வைத்தார்கள். பெரியது 5 டன் டிஎன்டிக்குச் சமம். எடையும் ஆழமும் முன்பே தெரிந்த வெடி என்பதுதான் இதன் அருமை. தூய வெடிப்பிலிருந்தும் எஸ் அலை கிளம்புவதை அருகிலிருந்தே அளக்க முடிந்தது. அணுச்சோதனையின் அதிர்வை மறைக்கும் ஏமாற்று வழியையும் படித்தோம்: 1964இல் மிசிசிப்பி உப்புப் பாறையில் சால்மன் என்ற 5.3 கிலோடன் வெடிப்பு உண்டாக்கிய குழிக்குள், 1966இல் ஸ்டெர்லிங் என்ற 380 டன் அணுவெடிப்பு நடந்தது. குழியில்லாமல் வெடித்திருந்தால் வந்திருக்கும் அளவைவிட அதிர்வு சுமார் 70 மடங்கு குறைந்தது. சிறு சோதனைகளைப் பிடிக்க அருகிலுள்ள நிலையங்கள் ஏன் தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நம்மிடம் இருப்பது செங்குத்து உணரி மட்டுமே. எஸ் அலை பெரும்பாலும் கிடைமட்டமாக அசைவதால், நாம் எடுக்கும் விகிதம் பீ பக்கமே சாய்கிறது. மூன்று திசை உணரி ஒன்றும், கருவிக்கும் இணையப் பெட்டிக்கும் சேர்த்து ஒரு மின்கலமும் வாங்க இப்பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டுகிறேன்.

செயலாளர்